ஸ்டேஷன் வாசலில் 600 ஏக்கர்

மும்பை ரயில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பைகுல்லாவுக்கும் தாதருக்கும் நடுவில் பாருங்கள். மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் அங்கே கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. மேற்குப் பாதையில் மகாலட்சுமி, லோயர் பரேல், பிரபாதேவி. மத்தியப் பாதையில் சிஞ்ச்போக்ளி, கர்ரி ரோடு, பரேல். லோயர் பரேலில் இறங்கிக் கர்ரி ரோட்டுக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். இந்த இரண்டு பாதைகளைச் சுற்றித்தான் மும்பையின் பஞ்சாலைகள் நின்றன. அந்த வட்டாரத்தை மராத்திக்காரர்கள் இன்றும் கிரண்காவ் என்கிறார்கள், ஆலைகளின் ஊர். மொத்தம் 58 ஆலைகள். சுமார் 600 ஏக்கர் நிலம்.

கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து டோம்பிவிலிக்கு வந்தவள் நான். மூடிப்போன ஓர் ஆலையின் வளாகத்துக்குள் இயங்கிய ஆயத்த ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. டோம்பிவிலியில் ஃபாஸ்ட் வண்டி பிடித்து, தாதரில் ஸ்லோவுக்கு மாறி, கர்ரி ரோட்டில் இறங்கி நடப்பேன். ஓய்வு பெறும் வரை இதுதான் என் பாதை. படித்து வந்த நகரத் திட்ட அறிவு எதுவும் எனக்குக் கிடையாது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து அலுவலக கேட் வரைக்குமான அந்த நடையில், ஒரு நகரம் தன் கையில் கிடைத்த மிக அருமையான நிலத்தை எப்படிக் கைநழுவ விட்டது என்பதைத் தினமும் பார்த்தேன். அதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. ஏனென்றால் உங்கள் ஊர்களிலும் இப்போது அந்த வேளை வந்திருக்கிறது.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் ரயிலை ஒட்டித்தான் கட்டப்பட்டன. சரக்கு வர, ஆட்கள் வர அதுதான் வசதி. பிறகு தொழில் நொடிக்கிறது, அல்லது ஊருக்கு வெளியே போகிறது. நகரத்தின் நட்டநடுவில், ஸ்டேஷன் வாசலில், பத்து இருபது ஏக்கர் நிலம் காலியாகிறது. அந்த நிலத்தில் என்ன கட்டுவது? உலகம் முழுக்க நகரத் திட்டக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். அங்கே நெருக்கமாக வீடுகள் கட்டுங்கள். ஏழை, நடுத்தரக்காரர், வசதியுள்ளவர் என எல்லோருக்கும் கலந்து கட்டுங்கள். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் காலெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்டேஷனுக்கு நிழலோடு ஒரு நல்ல நடைபாதை போடுங்கள். கார் நிறுத்தும் இடத்தைக் குறையுங்கள். அப்போது அங்கே குடியிருப்பவர் கார் வாங்காமலே வாழலாம். மத்திய அரசே 2017-இல் இதற்கு ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது பத்து நிமிட நடைக்குள் இருக்கும் பகுதியை இப்படி நெருக்கமாக வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கிரண்காவின் 600 ஏக்கரில் மிகப் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடத்துக்குள் கிடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொள்கை என்று யாரும் எழுதாத காலத்திலேயே கிரண்காவ் அப்படித்தான் வாழ்ந்தது. 1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் தார்தேவில் மும்பையின் முதல் பஞ்சாலைக்கு அடிபோட்டார். அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் பரேல், லால்பாக், வொர்லி என்று ஆலைகள் பரவின. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஆலை மதிலை ஒட்டிய சால்களில் குடியேறினார்கள். சால் என்றால் நீளமான ஒரு தாழ்வாரம், அதில் வரிசையாக ஒற்றை அறைகள், மூலையில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. ஓர் அறையில் பத்துப் பேர் கூட இருந்தார்கள். ஷிப்ட் மாறி மாறித் தூங்கினார்கள். அந்த நெருக்கடியை நான் புகழவில்லை. ஆனால் ஆலைச் சங்கு ஊதிய பிறகு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும், கேட் அடைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். தனியாக வந்த ஆண்களுக்குச் சமைத்துப்போட கானாவள் என்ற சாப்பாட்டுக்கூடம் நடத்திய பெண்கள் இருந்தார்கள். சந்தை, நாடகம், பிள்ளையார் பந்தல், சங்கக் கூட்டம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில். லால்பாக் மிளகாய்ப் பொடிக் கடைகளின் நெடி இன்றும் அந்தத் தெருவில் கால் வைத்தவுடன் மூக்கில் ஏறும்.

எங்கள் அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த காகூ அந்தக் கானாவள் பரம்பரையின் கடைசி ஆள். காகூ என்றால் மராத்தியில் சின்னம்மா மாதிரி. கர்ரி ரோட்டுச் சால் ஒன்றில் ஓர் அறை. அவர் கணவர் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் ரயில் பாஸ் எடுத்ததில்லை, பாளா. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினா மில்லு" என்பார். டோம்பிவிலியிலிருந்து நசுங்கி வந்து சேரும் எனக்கு, அந்த ஒரு வாக்கியம் சொன்னதைப் பிறகு படித்த எந்த அறிக்கையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

1982 ஜனவரி 18-ஆம் தேதி தொழிற்சங்கவாதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அந்தப் போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. பல ஆலைகள் அதோடு மீளவில்லை. விசைத்தறியின் போட்டி, பழைய இயந்திரங்கள், முதலீடு செய்ய மனமில்லாத உரிமையாளர்கள் என்று நோய் முன்பே இருந்தது. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இன்னொரு உண்மையும் வெளிச்சமானது. துணியைவிட அடியிலிருக்கும் மண்ணுக்கு விலை அதிகம்.

மாநில அரசு 1991-இல் கொண்டுவந்த கட்டட விதிகளில் 58-ஆம் விதி ஆலை நிலங்களுக்கென்றே எழுதப்பட்டது. ஆலையை மூடி நிலத்தில் வேறு ஏதாவது கட்ட வேண்டுமானால், நிலத்தை ஏறத்தாழ மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்காவும் மைதானமும் அமைக்க. ஒரு பங்கு வீட்டுவசதி வாரியமான ம்ஹாடாவுக்கு, எளியவர்களுக்கு வீடு கட்ட. மீதி உரிமையாளருக்கு. நான் படித்த விதிகளிலேயே மிக நியாயமானது இதுதான். உரிமையாளருக்கு நஷ்டமில்லை. நகரத்துக்கு ஸ்டேஷன் பக்கத்தில் வீடும் கிடைக்கும், மூச்சுவிட இடமும் கிடைக்கும்.

ஐந்து ஆண்டு கழித்து, 1996-இல், கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியா தலைமையில் ஒரு குழுவை அரசு அமைத்தது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளை அது ஆராய்ந்தது. மும்பையில் சுமார் 25 ஆலைகள் இந்தக் கழகத்தின் கையில் இருந்தன. அதாவது அவற்றின் சொந்தக்காரர் அரசேதான். ஒவ்வொரு மதிலுக்குள்ளும் தனித்தனியாக மூன்று பங்கு வெட்டினால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், நிலங்களை ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிடுங்கள், வீடுகளும் பொதுவெளியும் எங்கே வேண்டுமோ அங்கே வரட்டும், ஸ்டேஷன்களைச் சுற்றி நடப்பவர்களுக்கு விசாலமான வெளி விடுங்கள் என்பதே கோரியாவின் யோசனையின் உயிர். அது நிறைவேறவில்லை.

2001-இல் விதியைத் திருத்தினார்கள். திருத்தம் சின்னதுதான். மூன்று பங்காகப் பிரிக்க வேண்டியது மொத்த நிலத்தை அல்ல, அதில் காலியாக இருக்கும் நிலத்தை மட்டும் என்று ஆனது. இதன் விளைவை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், கணக்கு எழுதியே காலம் தள்ளியவள் என்பதால். பதினைந்து ஏக்கர் ஆலை என்று வையுங்கள். பழைய விதிப்படி மாநகராட்சிக்கு ஐந்து, ம்ஹாடாவுக்கு ஐந்து. ஆனால் ஆலை என்றால் நிலம் முழுக்கக் கொட்டகைதானே? பன்னிரண்டு ஏக்கரில் கட்டடம் நின்றால் காலி நிலம் மூன்று ஏக்கர். புதிய விதிப்படி அந்த மூன்றைத்தான் பிரிக்க வேண்டும். நகரத்துக்கு ஓர் ஏக்கர், எளியவர் வீட்டுக்கு ஓர் ஏக்கர். பிறகு கொட்டகையை இடித்துவிட்டு அந்தப் பன்னிரண்டு ஏக்கரிலும் உரிமையாளர் கட்டிக்கொள்ளலாம்.

இந்தத் திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போனது. 2005 ஜூலை 26-இல் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, தண்ணீர் போக வழியில்லாமல் ஊரே மூழ்கியது; திறந்தவெளி ஏன் வேண்டும் என்று அன்று ஊருக்கே புரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் மனுதாரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. எங்கள் அலுவலகத்திலேயே அன்று பேச்சு அதுதான், மைதானம் வரும், வீடு வரும் என்று. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, திருத்தம் செல்லும் என்றது. உரிமையாளர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. நிலத்தில் இவ்வளவு போய்விட்டால் தொழிலாளர் பாக்கியை எங்கிருந்து கொடுப்பது, மூடிய ஆலையை யார் வாங்குவார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி பொய்யல்ல. ஆனால் பிறகு நடந்த விற்பனைகளைப் பார்த்தால், நகரத்தின் பங்கையும் கொடுத்துவிட்டுக் கடனையும் அடைக்க அந்த மண்ணில் பணம் தாராளமாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன். வொர்லியில் பஞ்சாலைக் கழகத்துக்குச் சொந்தமான மும்பை டெக்ஸ்டைல் மில்லின் 17 ஏக்கரை 2005-இல் டி.எல்.எஃப். நிறுவனம் 702 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2012-இல் அதே நிலத்தை லோதா குழுமத்துக்கு விற்றபோது விலை 2,727 கோடி. நடுவில் அங்கே யாரும் குடியேறவில்லை.

இப்போது அந்த நடைக்கு வருகிறேன்.

ஆலை என்பது மதில் சூழ்ந்த ஒரு கோட்டை. நடுவில் தெரு கிடையாது, தொழிற்சாலைக்கு அது தேவையும் இல்லை. ஆனால் ஆலை போய் வீடும் அலுவலகமும் வரும்போது மதிலை உடைத்து உள்ளே தெரு விட வேண்டும். நகர வடிவமைப்பின் பாலபாடம் அது. கிரண்காவில் பெரும்பாலும் பழைய மதில் போய்ப் புதிய மதில் வந்தது. நேரே போனால் ஐந்து நிமிடத்தில் அடையும் கேட்டுக்கு, மதிலைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடந்தோம். நடைபாதை என்று இருந்ததில் பாதி ஜெனரேட்டருக்கும், மீதி காவலாளியின் நாற்காலிக்கும். மழைக்காலத்தில் சாலை நடுவில்தான் நடை, பின்னால் ஹார்ன்.

புதிய கோபுரங்களின் கீழ்த்தளங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஆறு, எட்டு, சில இடங்களில் பத்து மாடி வரை கார் நிறுத்தத்துக்கே. வீடுகள் அதற்கு மேலேதான் தொடங்கும். அதனால் தெருவில் நடக்கும் ஒருத்திக்குக் கண்ணில் படுவது கான்கிரீட் சுவர் ஒன்றுதான். ஒரு டீக்கடை இல்லை, மருந்துக்கடை இல்லை, ஜன்னலில் ஒரு முகம் இல்லை. இரவு எட்டு மணிக்கு அந்தச் சுவரோரம் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்துதான் ஸ்டேஷனுக்கு நடப்போம். போதாக்குறைக்கு, பொது கார் நிறுத்தம் கட்டிக்கொடுத்தால் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் மும்பையில் கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு எழுபது லட்சம் பேருக்கு மேல் லோக்கல் ரயிலில் போகும் நகரத்தில், ஸ்டேஷன் வாசலில், கார் வைக்க இடம் கொடுத்தவருக்குப் பரிசு.

வீடுகளைவிட அலுவலகங்களும் மால்களும் உணவகங்களும்தான் அங்கே முதலில் குவிந்தன. ஆலையில் வேலை பார்த்தவர் பக்கத்திலேயே குடியிருந்தார். அலுவலகத்தில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் டோம்பிவிலி, விரார், பன்வேல் என்று இருந்து வருகிறோம். ஆக, நடந்து வந்த கூட்டம் போய் ரயிலில் வரும் கூட்டம் ஆயிற்று. ஸ்டேஷனோ ஆலைக் காலத்து ஸ்டேஷன். படிக்கட்டு, மேம்பாலம் எதுவும் இதற்கென்று அகலமாகவில்லை. அலுவலகக் கோபுரத்துக்கு அனுமதி கொடுத்தது ஒரு துறை, ரயில் மேம்பாலம் கட்ட வேண்டியது இன்னொரு துறை. இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லை.

2017 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. சரஸ்வதி பூஜை நாள். அப்போது எல்ஃபின்ஸ்டன் ரோடு என்று பெயரிருந்த பிரபாதேவி ஸ்டேஷனையும் பரேல் ஸ்டேஷனையும் இணைக்கும் குறுகிய நடைமேம்பாலத்தில் காலை நேரத்துக் கூட்டம். திடீர் மழை. நனையாமல் இருக்கப் படியிலேயே ஒதுங்கி நின்றவர்கள், வண்டியிலிருந்து இறங்கிப் பின்னாலிருந்து நெருக்கியவர்கள். 23 பேர் மிதிபட்டு, மூச்சுத் திணறி இறந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அன்று வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் போன் போட்டோம். எல்லோரும் பதில் பேசும் வரை யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. பிறகு ராணுவத்தைக் கூப்பிட்டு 2018 பிப்ரவரிக்குள் புதிய பாலம் கட்டி முடித்தார்கள். சில மாதங்களில் கட்டி முடிக்கக்கூடிய ஒரு பாலம் அத்தனை ஆண்டு இல்லாமல் இருந்தது.

வேறு ஊர்களில் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் ஹம்மர்பி ஹோஸ்டாட் என்று ஏரிக்கரையில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. முன்பு அது தொழிற்கூடங்களும் குப்பையும் நச்சுமண்ணும் நிறைந்த இடம். 2004 ஒலிம்பிக் போட்டியை வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் திட்டமிட ஆரம்பித்தார்கள். போட்டி ஏதென்ஸுக்குப் போயிற்று, திட்டத்தைக் கைவிடவில்லை. நகராட்சியே நிலத்தைக் கையில் எடுத்து, மண்ணைச் சுத்தம் செய்து, தெருக்களை வரைந்து, அதன் பிறகுதான் கட்டுநர்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தது. டிராம் பாதை 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மக்கள் வந்து குடியேறிக் காருக்குப் பழகிப்போன பிறகு ரயிலைக் கொண்டுவருவதில் பிரயோசனம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஏரியைக் கடக்க இலவசப் படகும் விட்டார்கள். இன்று சுமார் 11,000 வீடுகளில் 25,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதில் வானுயர்ந்த கோபுரம் எதுவும் கிடையாது, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு மாடிதான். நெருக்கமாகக் குடியமர்த்த வானத்தைத் தொட வேண்டியதில்லை என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். லண்டனில் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனின் பின்புறம் பழைய நிலக்கரிக் கிடங்குகளும் சரக்கு யார்டும் இருந்த 67 ஏக்கரில், முதல் வேலையாகப் புதிய தெருக்களையும் சதுக்கங்களையும் வரைந்தார்கள். 26 ஏக்கர் பொதுவெளி. தானியக் கிடங்கை இடிக்காமல் அதில் கலைக் கல்லூரி வைத்தார்கள். இந்த இரண்டு இடங்களிலும் வீட்டு விலை சாதாரணர் கைக்கு எட்டாமல் உயர்ந்துவிட்டது என்ற குறை உண்டு, அது நியாயமான குறை. நிலத்தை அழகாக்கினால் மட்டும் போதாது, யாருக்கு என்பதையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

அந்த "யாருக்கு" என்ற கேள்விக்குக் காகூவின் கதையில் பதில் இருக்கிறது. ம்ஹாடாவுக்குக் கிடைத்த துண்டு நிலங்களில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டினார்கள். 2012-இல் நடந்த முதல் குலுக்கலில் 6,925 வீடுகள். ஒவ்வொன்றும் 225 சதுர அடி, விலை ஏழரை லட்சம். விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். காகூவும் கணவரின் பழைய டோக்கனையும் சம்பளச் சீட்டையும் நகலெடுத்துக் கொடுத்தார், நானே படிவம் நிரப்பினேன். பெயர் வரவில்லை. 2020-இல் பாம்பே டையிங், ஸ்பிரிங், ஸ்ரீநிவாஸ் ஆலை நிலங்களில் கட்டிய 3,894 வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. அப்போதும் வரவில்லை. இந்த ஸ்ரீநிவாஸ் ஆலை நிலத்தில்தான் நாட்டின் மிக உயரமான குடியிருப்புக் கோபுரங்களில் ஒன்றான வேர்ல்டு ஒன் நிற்கிறது.

மிச்சமிருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாங்கணியிலும் ஷேலுவிலும் வீடு தருகிறோம் என்று அரசு சொல்கிறது. பத்லாபூரையும் தாண்டிய ஸ்டேஷன்கள் அவை. மும்பைக்குள்தான் வேண்டும் என்று தொழிலாளர்கள் 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் திரண்டார்கள். ரயில் பாஸ் வாங்கியறியாத குடும்பத்தின் பிள்ளைகளை அந்தக் கடைசிக்கு அனுப்பினால், அவர்கள் வேலைக்குத் திரும்பி வர வேண்டியது இதே பரேலுக்குத்தான். அதே 2025 ஜூனில், எங்கள் டோம்பிவிலிப் பாதையில், மும்ப்ரா வளைவில் வண்டிக் கதவில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் விழுந்து செத்தார்கள். வீட்டைத் தள்ளித் தள்ளி வைப்பதற்கும் அந்தச் சாவுக்கும் நேர்த் தொடர்பு உண்டு.

நல்லது ஒன்றும் நடந்திருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. 1920-களில் பிரிட்டிஷ் அரசு கட்டிய பி.டி.டி. சால்கள் வொர்லியிலும் நாய்காமிலும் லோயர் பரேலை ஒட்டிய என்.எம். ஜோஷி மார்க்கிலும் இருக்கின்றன. ஓர் அறை 160 சதுர அடி. அவற்றை இடித்து, அதே இடத்தில், அதே குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீடு இலவசமாகக் கட்டித் தரும் வேலையை ம்ஹாடா செய்கிறது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் சாவி வாங்கின. சால் கட்டடம் போனது, ஆனால் அந்த மக்கள் அந்த ஸ்டேஷனை விட்டுப் போகவில்லை. பி.டி.டி.யில் முடிந்தது ஆலை நிலத்திலும் முடிந்திருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு, முதலாவதில் அரசு நிலத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

மும்பையின் மூன்றாவது மெட்ரோ பாதையில் 2025 மே மாதம் வொர்லிக்கும் சுரங்க ஸ்டேஷன் வந்தது, அக்டோபரில் பாதை முழுமையாகத் திறந்தது. பளபளப்பான ஸ்டேஷன்தான், எனக்கும் சந்தோஷம். ஆனால் நிலம் எல்லாம் விற்றுக் கட்டி முடிந்த பிறகு ரயில் வந்திருக்கிறது. கார் நிறுத்தங்கள் கட்டியாயிற்று, மதில்கள் எழும்பியாயிற்று.

சென்னையில் அந்த வரிசை இன்னும் மாறலாம். பெரம்பூர் பின்னி ஆலைகளின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1876-இல் பக்கிங்காம் மில், சில ஆண்டில் கர்நாடிக் மில், உலகப் புகழ்பெற்ற காக்கித் துணி. 1918 ஏப்ரல் 27-இல் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1996-இல் ஆலை மூடியது. அந்த நிலத்தில் இப்போது உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை போகும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம் வழியாகத்தான் பூமிக்கடியில் வருகிறது. வடசென்னையில் இன்னும் எத்தனையோ கிடங்குகள், பட்டறைகள், ஓட்டுக் கூரை ஆலைகள் இந்தப் பாதைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. சுற்றிலும் புளியந்தோப்பு, ஓட்டேரி, அயனாவரத்தில் அந்த ஆலைகளை நம்பி வந்து தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள். மெட்ரோ வந்தால் வாடகை ஏறும். அவர்கள் பெரும்பாக்கத்துக்கோ இன்னும் தூரத்துக்கோ தள்ளப்படாமல் இருக்க, ஸ்டேஷன் திறக்கும் முன்பே விதி எழுதியாக வேண்டும்.

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அப்போது மறக்காமல் எழுதுங்கள். மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைக்குள் மூடிய ஆலையோ கிடங்கோ கைமாறினால், அதன் மொத்த நிலத்தில், காலி நிலத்தில் மட்டுமல்ல, மொத்த நிலத்தில், எளியவர் வீட்டுக்கு எவ்வளவு, பூங்காவுக்கு எவ்வளவு என்று சதவீதம் போட்டு விதியாக்கச் சொல்லுங்கள். மதிலை உடைத்து ஸ்டேஷனுக்கு நேர்த்தெரு விடச் சொல்லுங்கள். கார் நிறுத்தத்துக்கு உச்சவரம்பு கேளுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் இதையே கேளுங்கள். விதி புத்தகத்தில் ஏறிய பிறகும் அயராதீர்கள், மும்பையில் அது கைவிட்டுப் போனது பத்து ஆண்டு கழித்து, ஒரு சின்னத் திருத்தத்தில்.